கொல்லைக் கதவுக்கு ஒன்பதரை மணி நேரம்

வெளியூருக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, பொழிச்சலூரில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். அம்பத்தூர் நாத்தனார் வீட்டுக்குப் போனால் ஒன்றரை மணி நேரம், வேலூருக்குப் போனால் மதியம்வரை, திருநெல்வேலிக்குப் போனால் மறுநாள் பொழுது விடியும்வரை துடைப்பம் கதவுக்குப் பின்னால் சும்மா நிற்கும், தலைமுடியும் முறுக்குத் தூளும் காலில் ஒட்டினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏனென்றால் ஆள் வாசல் தாண்டியதும் பெருக்கிக் கழுவுவது வேறு ஒரு போக்குக்கு, அந்தப் போக்கில் போனவர்கள் போய்ச் சேர்ந்தோம் என்று போன் செய்வதில்லை.

எங்கள் தெருவுக்கு விமானம் புதிதில்லை. எங்கள் கொல்லைச் சுவர்களுக்குப் பின்னால்தான் விமான நிலையத்தின் மதில் போகிறது, விமானங்கள் எங்கள் துணிக்கொடிகளை ஈரத்தோடு ஆட்டிவிட்டுத்தான் ஏறும், எங்கள் குழந்தைகளுக்கு அவற்றின் வயிற்றைத்தான் தெரியும், முகத்தைத் தெரியாது. ஆனால் தெருவில் ஏறிப் போனவர் என்றால் பக்கத்து வீட்டு ரோஸ்லினின் புருஷன் ஒருவர்தான், அதுவும் துபாய்க்கு, அது நாலு மணி நேரம். டொராண்டோவுக்குப் போனால் துடைப்பம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

என் மகள் மோகனப்பிரியா ஒரு வியாழக்கிழமை புறப்பட்டாள். அங்கே ஒரு கல்லூரியில் இரண்டு வருஷப் படிப்பு, புறப்பட்டதிலிருந்து பதினோராம் நாள், திங்கட்கிழமை, முதல் வகுப்பு, அன்றைக்குப் போய் நிற்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். "காலைல அஞ்சரைக்கு இங்கே ஏறுறேன்மா, சாயங்காலம் மூணரைக்கு அங்கே இறங்கிடுவேன்" என்றாள். நான் விரல்விட்டு எண்ணினேன், பத்து மணி நேரம் வந்தது. பத்து மணி நேரம்தானா, திருநெல்வேலி பஸ்ஸும் அவ்வளவுதானே என்று எனக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

அந்தப் பத்து மணி நேரமும் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. ஊறுகாய் பெட்டிக்குள் கசிந்திருக்குமோ, காது அடைத்திருக்குமோ, பக்கத்தில் உட்கார்ந்தவன் எப்படிப்பட்டவனோ, நடுவில் விமானம் மாற வேண்டிய ஊரில் தூங்கிப்போய்விட்டாளோ என்று புடவைக்கு ஃபால்ஸ் அடித்தபடியே கவலைப்பட்டதில் இரண்டு புடவைக்குத் தலைப்பில் ஃபால்ஸ் வைத்துத் தைத்துவிட்டேன். சுவர்க் கடிகாரம் மூணரை காட்டியதும் துடைப்பத்தை எடுத்தேன். முன்அறை, சமையல்கட்டு, பிறகு கொல்லைக்குப் போகிற பன்னிரண்டு அடி நடை என்று பெருக்கிக்கொண்டே போய்க் கொல்லைக் கதவோரம் குப்பையைக் குவித்தேன். அதற்குள் வாசலில் புடவைக்குச் சொந்தக்காரி வந்து கத்தினாள், அவளைச் சமாளித்து அனுப்பி நிமிர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டக் கூடாது. காலையில் அள்ளலாம் என்று மூலையிலேயே விட்டேன்.

காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் ஏழுமலை தோளில் துண்டோடு கொல்லைக்குக் குளிக்கப் போனார். பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஆறரைக்கு வண்டி எடுத்துவிடுவார். ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்தார்.

"கஸ்தூரி, நான் இன்னும் போய்க்கினே இருக்கேன்."

"எங்கே போறீங்க?"

"பாத்ரூமுக்குத்தான்."

சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். நடை அதே நடைதான், அதே பச்சைச் சுண்ணாம்பு, அதே ஆணியில் அதே பை. ஆனால் அது போய்க்கொண்டே இருந்தது, அதன் கோடியில் கொல்லைக் கதவு தீப்பெட்டி அளவில் தெரிந்தது, வழியில் ஒரு வெள்ளைத் துண்டு எறும்பின் தோளில் இருப்பது போல அசைந்தது. "திரும்பி வாங்க, சட்னி ஆறுது" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் திரும்பிக்கொண்டிருக்கும்போதே மோகனாவின் போன் வந்தது.

"மா, இறங்கிட்டேன். ஆனா வெளியே வர முடியல."

"ஏன், பெட்டியைப் பிடிச்சிட்டாங்களா? ஊறுகாயா?"

"அதெல்லாம் இல்லமா. விமானத்துலேர்ந்து இறங்கி நீளமா ஒரு வழி, அது முடியிற இடத்துல பாஸ்போர்ட் பார்க்கிற கவுண்டர். எல்லாரும் போய்ட்டாங்க. நான் மட்டும் நடந்துகிட்டே இருக்கேன், இடம் நகர மாட்டேங்குது. கொஞ்சம் முன்னாடி ஏதோ நகர்ந்த மாதிரி இருந்துச்சு, இப்போ திரும்பப் பின்னாடி போகுது."

ரோஸ்லின் மாவு வாங்க வந்தவள், இரண்டு பக்கத்தையும் கேட்டாள், நடையை ஒரு பார்வை பார்த்தாள், இடுப்பில் கை வைத்தாள்.

"யக்கா, நீ எத்தினி மணிக்குப் பெருக்குன?"

"மூணரைக்கு."

"எந்த ஊர் மூணரை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே மூணரை என்றால் இங்கே நடுராத்திரி தாண்டி ஒரு மணியாம். நான் பெருக்கியபோது என் பெண் இன்னும் ஆகாயத்தில் இருந்திருக்கிறாள், அவளுக்கு இன்னும் ஒன்பதரை மணி நேரம் பாக்கி இருந்திருக்கிறது, ஏழாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், கடலும் பனியுமாக. அதை அவள் கடப்பதற்கு முன்பே நான் பெருக்கி எடுத்துவிட்டேன். கால் அவளிடம் இருந்தது, வழி எங்கள் வீட்டில் இருந்தது.

இப்படியாக எங்கள் வீட்டில் கொல்லைக்குப் போக ஒன்பதரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து ஏழுமலை ரோஸ்லின் வீட்டுப் பாத்ரூமில் குளித்தார், மூன்றாம் நாள் தெருவே எங்கள் நடைக்குப் பழகிவிட்டது. கோடி வீட்டுக் கோதண்டம் அண்ணன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்குத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று காலையிலேயே கேன்வாஸ் ஷூவோடு வந்து, பழைய விசிலை ஊதி, ஒரு மணி நேர நடைக்கு ஒன்றாகச் சுவரில் சாக்பீஸால் ஸ்டேஜ் போட்டார். அவர் பின்னால் தெருவின் சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். "உள்ளே போ, உள்ளே போ, நடையில நிக்காதே" என்று அவர் கத்த, "நடையில நிக்காம பின்னே எங்க நிக்கிறது அண்ணே" என்று பெண்கள் சிரிக்க, என் சமையல்கட்டு வழியாக ஊர்வலம் போனது. நான் அடுப்பைப் பார்ப்பதா, இவர்கள் காலைப் பார்ப்பதா?

போய் வந்தவர்கள் கதை கதையாகச் சொன்னார்கள். உள்ளே வெயில் கிடையாது, ஆனால் இருட்டும் இல்லை, மேகத்துக்குள் இருப்பது போல ஒரு வெளிச்சம். நாலாம் ஸ்டேஜில் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும். ஆறாம் ஸ்டேஜில் சுவர் சில்லென்று வியர்த்து நிற்கும், அதில் கன்னத்தை வைத்தவர்களுக்கு எப்போதோ மறந்த ஒரு தூக்கம் வரும். நடக்க நடக்க நேரமும் பின்னால் போகும்: இங்கே காலைக் காபி குடித்துவிட்டுப் புறப்பட்டவர் ஒரு மணி நேரம் நடந்தால் கைக்கடிகாரம் புறப்பட்ட நேரத்தையே காட்டும், கொல்லைக் கதவைத் திறந்தால் அங்கே முருங்கை மரத்தில் நேற்று வந்த காக்காய்கள் இன்றைக்கு இன்னும் விடியக் காத்திருக்கும். நான் வியாழக்கிழமை காயப்போட்ட மோகனாவின் மஞ்சள் சுடிதார் கொடியில் இன்னும் ஈரமாகவே இருக்கிறது என்று போய்க் குளித்துவிட்டு வந்த ஒரே ஆளான கோதண்டம் அண்ணன் சொன்னார்.

ரோஸ்லினுக்குக் கொல்லைவரை போக வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை மணி நேரத் தொலைவில், இரண்டாம் ஸ்டேஜுக்குக் கொஞ்சம் முன்னால், துபாயின் நேரம் இருந்தது. அவள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு பாயை விரித்தாள். புருஷன் சாப்பிடும் நேரத்தில் அவளும் டிபன் பாக்ஸைத் திறந்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்து, "இங்கயும் இப்போ ஒரு மணிதான் தெரியுமா" என்பாள். ஏழு வருஷமாக அவர்கள் ஒரே மணியில் சாப்பிட்டதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்த இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பாயைச் சுற்றிப் போனார்கள்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, என் பெண் மட்டும் அங்கே நின்றாள். எங்கள் ஆட்கள் கொல்லைப் பக்கம் நடந்தால் அவள் கவுண்டரை நோக்கி நகர்ந்தாள், அவர்கள் வீடு திரும்பினால் அவளும் பின்னால் இழுபட்டாள். குளிக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் திரும்பி வரத்தானே வேண்டும், கொல்லையில் இருந்து வேறு வழி கிடையாது, மதில்தான் இருக்கிறது.

"மா, யாரோ என்னைத் தரதரன்னு இழுக்கிறாங்கமா, நடுவுல விசில் சத்தம் வேற கேக்குது!"

"அது கோதண்டம் அண்ணன்டி. சர்க்கரை."

அங்கே அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்றாள். பசியும் தூக்கமும் விமானத்தில் இருப்பது போலவே லேசாக வந்து லேசாகப் போகிறது, உட்கார நாற்காலி இருக்கிறது, போகிறவர்கள் காபி வாங்கித் தருகிறார்கள். அந்த இடத்தைப் பெருக்குகிற ஒரு பெண்மணி, எந்த நாட்டுக்காரியோ, தினமும் எல்லா இடத்தையும் பெருக்கிவிட்டு இவள் காலைச் சுற்றி ஒரு முழம் மட்டும் பெருக்காமல் விட்டுப் போகிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, நீ இன்னும் போய்ச் சேரவில்லையே என்றாளாம்.

அதைக் கேட்டபோது நான் அந்த முகம் தெரியாதவள் முன்னால் கூனிக்குறுகிப் போனேன்.

தெருவில் கூடிப் பேசினார்கள். மூலையில் இருக்கும் குப்பையில்தான் எல்லாம் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினால் பெண் போய்ச் சேருவாள், அதையே வீட்டுக்குள் கொண்டுவந்தால் பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். ஆனால் யார் பெருக்கினார்களோ அவர்கள்தான் அள்ள வேண்டும். கோதண்டம் அண்ணன் கொல்லைவரை போயும் அதைத் தொடாமல் வந்தது அதனால்தான்.

"நாளைக்கே போ கஸ்தூரி" என்றார் ஏழுமலை. எனக்கு முழங்கால் வலி. மறுநாள் கேட்டார், கல்யாணப் புடவை ஆர்டர் இருந்தது. அதற்கு மறுநாள் அமாவாசை. சனிக்கிழமையும் வந்துவிட்டது.

ரோஸ்லின் என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யக்கா, கோச்சுக்காதே. நீ தெரிஞ்சேதான் பெருக்குனியா?"

"வாயை மூடுடி" என்றேன். மிஷினை வேகமாக மிதித்தேன். டிராயருக்குள் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு காலண்டர் தாள் இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் மோகனா அதன் பின்பக்கம் எனக்காகவே பெரிய எழுத்தில் எழுதித் தந்தது: சென்னை – டொராண்டோ, பதினாலாயிரம் கிலோமீட்டர், மொத்தப் பயணம் பத்தொன்பதரை மணி நேரம். நான் ஏழாவதுவரை படித்தவள். எனக்குப் படிக்கத் தெரியும். படித்தேன், மடித்து உள்ளே வைத்தேன், அவள் வாயால் சொன்ன மணியை மட்டும் பிடித்துக்கொண்டேன். தெரிந்தே செய்தேனா என்றால், துடைப்பத்தை எடுத்த கைக்குத் தெரியாது. அந்த டிராயரைத் திறக்காமலே இருந்த கைக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் மோகனா அழுதாள். பத்து நாளில் அன்றுதான் அழுதாள். "மா, நாளன்னைக்கு வகுப்பு. இனி எங்க போய்ச் சேர்றது? நான் வந்துடட்டுமா? நீ அந்தக் குப்பையை உள்ளேயே வாரிடு."

என் மனசுக்குள் யாரோ விளக்கேற்றியது போல ஆகிவிட்டது. "அழாதேடி கண்ணு, அம்மா காலைல போறேன்" என்றேன். முழங்கால் வலி நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சரைக்குப் புறப்பட்டேன். எலுமிச்சை சாதம் ஒரு பொட்டலம், தண்ணீர் பாட்டில், முறம், இடுப்பில் போன். தெருவே சமையல்கட்டில் நின்றது. "வீசப் போறியா, வாரப் போறியா?" என்று ஏழுமலை மெதுவாகக் கேட்டார். "மொதல்ல போய்ச் சேர்றேன்" என்றேன். கோதண்டம் அண்ணன் விசிலை எடுத்து, என் முகத்தைப் பார்த்து, ஊதாமல் பையில் போட்டுக்கொண்டார்.

நடந்தேன். ரோஸ்லினின் பாய் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது. போன் அவ்வப்போது சிணுங்கி, "மா, நகர்றேன்" என்றது. நாலாம் ஸ்டேஜில் காது அடைத்தது, எச்சில் விழுங்கினேன், திறந்தபோது என் அப்பாவின் குரல் கேட்டது. நான் ஏழாவது முடித்த வருஷம், எட்டாவதுக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும், நாலு கிலோமீட்டர். அப்பா வாசலில் நின்று ஆற்றுப் பக்கம் பார்த்தார், "தூரம்" என்றார், உள்ளே போய்விட்டார். என் பள்ளிக்கூடப் பையைக் கேட்டு யாரும் வாங்கவில்லை, அது ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்து, கடைசியில் அம்மா அதில் புளி போட்டு வைத்தாள். நாலு கிலோமீட்டர் என்பது நான் இப்போது நடந்துகொண்டிருப்பதில் ஒரு ஸ்டேஜ்கூட இல்லை. ஒரு ஸ்டேஜுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நான் நின்று அந்தச் சுவரைப் பார்த்தேன், பிறகு நடந்தேன், வியர்த்த சுவரில் கன்னத்தை வைத்தேன், அந்தத் தூக்கம் எனக்கும் வந்தது, தூங்கிக்கொண்டே நடந்தேன்.

கொல்லைக் கதவைத் தள்ளியபோது அங்கே காலை அஞ்சரை மணி. ஒன்பதரை மணி நேரம் நடந்து, புறப்பட்ட நேரத்துக்கே வந்து சேர்ந்திருந்தேன். முருங்கை மரத்தில் காக்காய்கள் அப்போதுதான் கண்விழித்தன, மஞ்சள் சுடிதாரில் சொட்டு நின்றது.

போன் அடித்தது. "மா! கவுண்டர்கிட்ட வந்துட்டேன்! எனக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான்!" நேற்று அழுது வீங்கிய குரல் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் இடம் கிடைத்த அன்று ஓடி வந்த குரல். பிறகு நினைவு வந்தது போலத் தணிந்து, "வாரிட்டியாமா?" என்றாள்.

கதவோர மூலையில் உட்கார்ந்தேன். ஒரு கைப்பிடிதான் இருந்தது. அவள் தலைமுடி இரண்டு, பெட்டி கட்டியபோது அறுந்த பச்சைக் கயிறு, முறுக்குத் தூள், என் மிஷினின் நூல் துண்டுகள். முறத்தில் வாரினேன். வீட்டுப் பக்கம் திரும்பினால் நடை காத்திருந்தது. உள்ளே கொண்டுபோய் வைத்தால் போதும், ராத்திரி அவள் என் பக்கத்தில் படுத்திருப்பாள், நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பேன். தூரம்டி, வந்துடு என்று சொல்ல வாய் திறந்தேன். அப்பா சொன்ன அதே சொல், அதே மாதிரி என் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.

அதை விழுங்கினேன். இரண்டாம் தடவையாகக் காது திறந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் ஓடத் தொடங்கியது. துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்றேன், வயிறு தெரிய அது தலைக்கு மேல் எழும்பிய நேரத்தில் முறத்தை மதிலுக்கு மேல் வீசி உதறினேன். குப்பை கீழே விழவில்லை. முடியும் நூலும் பச்சைக் கயிறும் அந்தக் காற்றில் ஏறி, கொஞ்ச தூரம் விமானத்தின் பின்னாலேயே போய், வெளுத்த வானத்தில் தெரியாமல் போயின.

போனில் முத்திரை குத்தும் சத்தம் கேட்டது.

கொடியிலிருந்து சுடிதாரை எடுத்தேன், அது காய்ந்து மொடமொடவென்று இருந்தது. கதவுக்குள் நுழைந்து மூன்று எட்டு வைத்தேன், நாலாவது எட்டு சமையல்கட்டில் இருந்தது. அங்கே மதியம் மூணேகால், ரசம் கொதித்து அடங்கியிருந்தது, தெருவே என் முறத்தைப் பார்த்தது. அது காலியாக இருந்தது. ரோஸ்லின் நடையோரம் கிடந்த தன் பாயை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "பரவால்லக்கா, அவருக்கு ஒரு மணி, எனக்கு ரெண்டரை. பசி தாங்குவேன்" என்றாள். கோதண்டம் அண்ணன் இப்போது தாராளமாக விசிலை ஊதி எல்லாரையும் வாசல் வழியாக இறக்கிவிட்டார்.

மூணரைக்கு மோகனாவின் போன் வந்தது. "மா, பெட்டி எடுத்துட்டேன், வெளியே நிக்கிறேன். குளுருதுமா. ரூமுக்குப் போறதுக்கு பஸ் வருது."

ஏழுமலை கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "பத்து நாள் தூசி, கஸ்தூரி. விளக்கு வைக்கிறதுக்குள்ள பெருக்கிடலாம் இல்ல?"

"இருங்க" என்று துடைப்பத்தை வாங்கித் திரும்பவும் சாய்த்து வைத்தேன். பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "மோகனா, ரூமுக்குப் போய்ச் சேர எத்தனை மணி ஆகும்? அந்த ஊர் மணி வேணாம்டி. நம்ம வீட்டுக் கடிகாரத்துல சொல்லு."